உழாமல் பயிர் செய்யலாமா? காவிரி டெல்டா விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தை மாதம் பிறந்தால் டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இதே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். "விவசாயி பழசை விடமாட்டார், அதனால்தான் பாதுகாப்பு வேளாண்மை பரவவில்லை" என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் மண்ணைப் பற்றியவை அல்ல. அறுவடை மெஷின், மேயும் ஆடு, குத்தகை, வைக்கோல் விலை, ஆள் பற்றாக்குறை ஆகியவற்றைப் பற்றியவை.

1. பாதுகாப்பு வேளாண்மைன்னா என்ன சார்? உழாம விட்டா அவ்வளவுதானா?

இல்லை. மூன்று வேலைகள் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். மண்ணைக் கூடியவரை கிளறாமல் விதைப்பது முதலாவது. நிலத்தின் மேற்பரப்பில் குறைந்தது 30 சதவீதமாவது தாள், வைக்கோல், சருகு என ஏதாவது ஒன்றால் மூடியிருப்பது இரண்டாவது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றிப் போடுவது மூன்றாவது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த வரையறை இது.

30 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். 10 மீட்டர் கயிற்றில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 50 முடிச்சு போடுங்கள். வயலில் மூலைவாட்டில் இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுக்கு நேர் கீழே தாளோ வைக்கோலோ இருக்கிறது என்று எண்ணுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். நாலைந்து இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள்.

2. நாங்க தாத்தா காலத்துலேர்ந்து நெல் தரிசுல உளுந்து தெளிக்கிறோம். அது இதுல சேருமா?

சேரும். சம்பா, தாளடி அறுக்கும் முன் நிற்கும் பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளிப்பது உழவில்லாத விதைப்புதான். அரிதாள் (அறுத்தபின் நிற்கும் அடித்தாள்) அப்படியே நிற்கிறது, நெல்லுக்குப் பின் பயறு வருவதால் பயிரும் மாறுகிறது. எந்தத் திட்டமும் மானியமும் வருவதற்கு முன்பே இது டெல்டாவில் வேரூன்றியது. காரணமும் தெளிவானது. உழவுக்கூலி இல்லை, தண்ணீர் பாய்ச்சும் செலவு இல்லை, நெல்லுக்கு விட்ட ஈரத்திலும் பனியிலுமே 65 முதல் 75 நாளில் கைக்குக் காசு வந்துவிடும். 2024-25 பருவத்தில் உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,400, பச்சைப்பயறுக்கு ரூ.8,682. ஏக்கருக்கு 200 கிலோ உளுந்து எடுத்தாலே அந்த விலைக்கு ரூ.14,800 ஆகிறது.

ஆனால் ஆண்டு முழுவதையும் கணக்கில் எடுத்தால் இது முழுமையான பாதுகாப்பு வேளாண்மை ஆகாது. ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

3. எப்போ தெளிக்கணும்? ஏக்கருக்கு எவ்வளவு விதை?

தை முதல் வாரத்திலிருந்து மாசி முதல் வாரம் வரை, அதாவது ஜனவரி மூன்றாம் வாரம் முதல் பிப்ரவரி நடு வரை. அதைத் தாண்டினால் பூக்கும் நேரத்தில் ஈரமும் இருக்காது, வெயிலும் ஏறிவிடும். ஆள் வைத்து அறுப்பதானால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளிக்க வேண்டும். ரகத்தில் ஆடுதுறை 3, ஆடுதுறை 6 இரண்டும் நெல் தரிசுக்கு ஏற்றவை.

மண் மெழுகு பதத்தில் இருப்பதுதான் முக்கியம். வயலில் நடந்தால் காலடி பதிய வேண்டும், பதிந்த குழியில் தண்ணீர் ஊறக் கூடாது. தண்ணீர் ஊறினால் விதை அழுகும். கால் பதியவே இல்லையென்றால் விதை மேலேயே கிடந்து காயும், எறும்புக்கும் குருவிக்கும் போகும். மேடும் பள்ளமுமான வயலில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அதனால்தான் நெல்லுக்குச் சமப்படுத்தும்போதே உளுந்தையும் மனதில் வைத்துச் சமப்படுத்தச் சொல்கிறோம்.

விதை ஏக்கருக்கு 10 கிலோ, மெஷின் அறுவடையானால் 12 கிலோ. 100 உளுந்து சுமார் 4 கிராம் எடை வரும். அப்படியானால் 10 கிலோவில் இரண்டரை லட்சம் விதை, சதுர மீட்டருக்கு 60 விழும். 33 செடி நின்றால் போதும். ஏறக்குறைய பாதி போய்விடும் என்று வைத்தே இந்த அளவு சொல்லப்படுகிறது. இதையும் குறைத்து 6 கிலோ தெளித்துவிட்டு "செடி நெருக்கமே இல்ல" என்று வருந்துவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, பிறகு 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். அன்றே தெளித்துவிடுங்கள்.

4. இப்ப எல்லாம் மெஷின்தான் அறுக்குது. செயின் போன தடத்துல ஒண்ணுமே முளைக்கல. என்ன செய்யறது?

நெல் தரிசு உளுந்தை டெல்டாவில் பலர் கைவிட்டதற்கு முதல் காரணம் இதுதான். முன்பு ஆள் இறங்கி அறுத்தபோது, பத்து நாள் முன்பு தெளித்த விதை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும், மிதிபட்டாலும் நிமிர்ந்துவிடும். அதேபோலப் பத்து நாள் முன்பே தெளித்துவிட்டுச் செயின் வைத்த அறுவடை வண்டியை இறக்கினால் முளைத்த செடி தடத்தில் நசுங்கிப் போகிறது. அதனால் மெஷின் வருவதானால் முன்கூட்டித் தெளிக்க வேண்டாம். மெஷின் வயலில் இறங்குவதற்குச் சற்று முன் தெளியுங்கள். முளைக்காத விதை சேற்றில் அமுங்கினாலும் பெரும்பகுதி பிழைக்கும்.

இரண்டாவது தொல்லை, மெஷின் பின்னால் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் வரிசை. அதன் அடியில் இருக்கும் விதை முளைத்து வெளிச்சம் கிடைக்காமல் வெளிறிச் சாகும். கட்டு போடும் மெஷின் மூன்று நாளுக்குள் வராது என்று தெரிந்தால், இரண்டு ஆள் விட்டு வைக்கோலைப் பரப்பிவிடுங்கள்.

மூன்றாவது, அரிதாளின் உயரம். ஒரு சாண் நின்றால் நல்லது, ஈரம் காக்கும். முழங்கால் உயரம் நின்றால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று போய்ச் சாய்ந்துவிடும். தாழ வெட்டச் சொன்னால் ஓட்டுநர் தயங்குவார். மெஷினுக்குள் வைக்கோல் அதிகம் போனால் வேகம் குறையும். வாடகையோ மணிக்கணக்கு, கூடுகிற நேரத்துக்கான காசு விவசாயி தலையில்தான் விழும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே மெஷினைப் பேசி, வெட்டும் உயரத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மெஷின் இறங்கிய பிறகு பேசினால் எடுபடாது.

5. வைக்கோலை வயல்ல விடுங்கன்னு சொல்றீங்க. கட்டு கட்டி வித்தா அன்னிக்கே காசு. எதுக்கு விடணும்?

நியாயமான கேள்வி. மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோல் தீவனம், இல்லாதவருக்கு ரொக்கம். அதை மண்ணுக்குக் கொடு என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலும் இந்த முறை தடுமாறியதற்குக் கால்நடைத் தீவனப் போட்டி ஒரு பெரிய காரணம்.

வயலை விட்டு வைக்கோலோடு என்ன போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 6 கிலோ தழைச்சத்தும், 15 முதல் 25 கிலோ சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரு டன்னை விற்றால் அரை மூட்டையிலிருந்து முக்கால் மூட்டை வரை பொட்டாஷ் வயலை விட்டு வெளியேறுகிறது. வைக்கோல் விலையைப் பேசும்போது அந்தப் பொட்டாஷ் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

முழுவதையும் விட வேண்டியதில்லை. மேலே விழும் வைக்கோலைக் கட்டிக்கொண்டு ஒரு சாண் அரிதாளையும் உதிரியையும் விட்டாலே, பல வயல்களில் முதல் கேள்வியில் சொன்ன கயிற்றுச் சோதனையில் 30 சதவீதம் தேறும். கொளுத்துவது மட்டும் கூடாது. அதில் காசும் இல்லை, தழைச்சத்திலும் கரிமத்திலும் பெரும்பகுதி புகையாகப் போய்விடும்.

6. உழாம விட்டா களை மண்டிடாதா?

முதல் இரண்டு ஆண்டு மண்டும். உழவு என்பது பாதி களையெடுப்புதான். அதை நிறுத்தினால் வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். நெல் தரிசில் முதல் எதிரி களைகூட அல்ல, நெல்லின் மறுதாம்புதான். அரிதாளிலிருந்து துளிர்த்து, உளுந்துக்கு இருக்கும் கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

விதைத்து 15 முதல் 20 நாளில், களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது புல் வகைக்கும் மறுதாம்புக்கும் குயிசலோபாப் எத்தில் 5 சதவீத மருந்தை ஏக்கருக்கு 400 மில்லி, அகன்ற இலைக் களையும் கலந்திருந்தால் இமாசெதாபிர் 10 சதவீத மருந்தை ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தட்டை விசிறி நாசிலில் அடிக்கலாம். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் அடித்தால் களை சாகாது, உளுந்துதான் வாடும். களை முழங்கால் உயரம் வந்தபின் அளவைக் கூட்டி அடிப்பது காசுக்கும் பயிருக்கும் கேடு.

உழாத வயலில் புதிய களை விதை கீழிருந்து மேலே வருவதில்லை. மேலே இருப்பதை இரண்டு பருவம் பூக்க விடாமல் பார்த்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டு சுமை குறையும். கிழங்கு விடும் கோரைக்கு இந்தக் கணக்கு செல்லாது. கோரை ஏறிய வயலில் உழாத விதைப்பைத் தொடங்காதீர்கள்.

7. கோடை உழவு கோடி நன்மைன்னு பெரியவங்க சொன்னாங்களே, அது தப்பா?

தப்பில்லை. அது சொல்லப்பட்ட நிலம் வேறு. கோடை மழை விழும் மானாவாரியில், மேல்மண் இறுகிக் கிடந்தால் மழை உள்ளே இறங்காது, அங்கே உழுதால் தண்ணீர் இறங்கும். 2018-ல் மக்காச்சோளத்துக்கு வந்த அமெரிக்கப் படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கும். கோடை உழவு அதை வெயிலுக்கும் பறவைக்கும் வெளியே கொண்டுவரும். விருதுநகர், கோவில்பட்டி கரிசலில் ஒருவர் கோடை உழவை விட மறுத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே மூடாக்குக்கு, அதாவது மண்ணை மூடி வைக்க, வைக்கோலும் கிடைக்காது. மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்துவது அடுத்த கேள்வியில் சொல்லும் நஷ்டத்தில் கொண்டுவிடும்.

8. முதல் வருஷமே விளைச்சல் கூடுமா?

கூடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, உழாமல் விடுவதை மட்டும் தனியாகச் செய்தால் சராசரியாக விளைச்சல் குறைகிறது என்றே காட்டியது. மூடாக்கும் பயிர் மாற்றமும் சேர்ந்தபோது அந்தக் குறைவு பெரிதும் சுருங்கியது. வறண்ட மானாவாரிப் பகுதிகளில் மூன்றும் சேர்ந்தால் 7.3 சதவீதம் கூடியது.

முதல் ஆண்டில் நிச்சயமாகக் கிடைப்பது செலவுக் குறைவும் நேரமும்தான். மண்ணில் மாற்றம் தெரிய மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு பிடிக்கும். "மண்வளம் கூடும்" என்று சொல்லி எந்த விவசாயியையும் இழுக்க முடியாது. "உழவுக்கூலி மிச்சம், பத்து நாள் முன்னாடி விதைக்கலாம்" என்பதற்குத்தான் காது கொடுப்பார்கள். ஒரு பருவக் கடனை அடுத்த பருவ அறுவடையில் அடைக்க வேண்டியவர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில் தவறே இல்லை.

9. உழவே இல்லாம உரத்தை எங்க போடறது?

நெல் தரிசு உளுந்துக்கு இலைவழிதான். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுங்கள். அதை 200 லிட்டராக்கி மாலை வேளையில் அடியுங்கள். இது 2 சதவீதக் கரைசல். பூ தொடங்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று என இரண்டு முறை அடிக்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைக்கும், நடுவெயிலில் அடித்தால் இலை கருகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும் தருணத்தில் ஒரு முறை அடித்தால் பூ உதிர்வது குறையும்.

மக்காச்சோளம், நெல் போன்றவற்றுக்கு வைக்கோல் மூடிய நிலத்தில் தொடக்கத்தில் தழைச்சத்துப் பற்றாக்குறை தெரியும், இலை மஞ்சளாகும். வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வதே காரணம். முதல் சில ஆண்டுகள் அடியுரத்தில் தழைச்சத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுங்கள். யூரியாவை வைக்கோல் மேல் வீசாதீர்கள், பெரும்பகுதி காற்றில் போய்விடும்.

10. தை மாசம் மழை வந்து மொத்தமும் போயிடுச்சுன்னா?

2021 ஜனவரியில் அப்படித்தான் நடந்தது. பருவம் தப்பிப் பெய்த கனமழையில் சாய்ந்த சம்பாவும் போயிற்று, தெளித்த உளுந்தும் போயிற்று. உளுந்து முளைக்கும் நேரத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். தெளிக்கும் முன் வடிகால் வாயைத் திறந்துவைத்து, பள்ளமான மூலையிலிருந்து வடிகாலுக்கு மண்வெட்டியால் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். வானிலை அறிக்கையில் மழை இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். பயிர்க் காப்பீட்டில் ராபி (குளிர்காலப் பருவ) உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். நெல்லுக்குக் கட்டிவிட்டு உளுந்தை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

11. நான் தெளிச்சா ஊர் மாடும் ஆடும் தின்னுட்டுப் போயிடுது. நான் மட்டும் என்ன செய்ய முடியும்?

தனியாக ஒன்றும் செய்ய முடியாது, இதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். அறுவடை முடிந்தால் மாட்டை அவிழ்த்துவிடுவது ஊர் வழக்கம். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை ஆடுகளும் (இரவில் வயலில் அடைத்து வைக்கும் மந்தை) வரும், அரிதாளில் மேய வாத்துக் கூட்டமும் வரும். நூறு ஏக்கரில் ஒருவர் மட்டும் உளுந்து தெளித்தால் அந்த ஒரு வயல்தான் பச்சையாகத் தெரியும், எல்லா ஆடும் அங்கேதான் போகும். அவர் அடுத்த ஆண்டு தெளிக்க மாட்டார். பாதுகாப்பு வேளாண்மை ஒரு ஊரில் நின்றுபோக இப்படி ஒரு பருவம் போதும்.

ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்கள் ஒன்றாக முடிவெடுத்த இடங்களில்தான் இது நிற்கிறது. எந்தத் தேதி வரை மாட்டை அவிழ்க்கக் கூடாது என்பதை மார்கழியிலேயே ஊரில் பேசி முடிவு செய்யுங்கள். கிடை போடுபவரிடம் உளுந்து பிடுங்கிய பிறகு வரச் சொல்லுங்கள். கிடை வேண்டாம் என்று விரட்ட வேண்டியதில்லை, ஆட்டுப் புழுக்கை வயலுக்கு நல்ல உரம். சித்திரை, வைகாசியில் அவர்கள் வந்தால் இருவருக்குமே லாபம்.

12. தண்ணி மிச்சமாகும்னு சொல்றாங்க. மோட்டாருக்குக் கரண்டே இலவசம், நான் ஏன் மிச்சம் பிடிக்கணும்?

உங்கள் பையிலிருந்து காசு போகவில்லை என்றால் மிச்சம் பிடிக்கத் தோன்றாதுதான். ஆழ்குழாய் உள்ள இடத்தில் தண்ணீர்ச் சிக்கனம் யாரையும் இந்த முறைக்கு இழுக்கவில்லை. முறைப்பாசனத் தண்ணீர் வந்து சேராத கடைமடையிலும், நிலத்தடி நீர் உப்பாகிப் போன கடலோரத்திலும்தான் இழுக்கிறது.

13. குத்தகை நிலம் சார். அடுத்த வருஷம் எனக்கா வேற ஆளுக்கான்னே தெரியாது.

எட்டாம் கேள்வியில் சொன்ன மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு காத்திருப்பு குத்தகைதாரருக்கு ஒத்துவராது. மண்ணில் அவர் போட்ட முதலின் பலன் வேறு ஒருவருக்குப் போகும். ஆகவே அவர் எடுத்துக்கொள்ளக் கூடியது அந்தப் பருவத்திலேயே காசு தரும் பகுதியை மட்டும், அதாவது உழாத உளுந்தை. முழு வைக்கோலையும் விடுங்கள் என்று அவரிடம் வற்புறுத்துவது அநியாயம்.

தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சாகவே நடக்கிறது. பதிவு இல்லாததால் கூட்டுறவுக் கடனிலும் காப்பீட்டிலும் மானியத்திலும் இவர்களுக்குத் தடை வருகிறது. நிலக்காரரோடு பேசும்போது மூன்றாண்டுக் குத்தகை கேளுங்கள். அரிதாளையும் வைக்கோலில் ஒரு பங்கையும் நிலத்திலேயே விடுவதாகவும், அதற்கு ஈடாகக் குத்தகையில் ஒரு மூட்டை குறைக்கும்படியும் கேட்டுப் பாருங்கள். நிலம் அவருடையது, வளம் கூடுவதில் அவருக்கும் பங்கு உண்டு.

14. உளுந்து விளைஞ்சாலும் பிடுங்க ஆள் இல்லையே?

ஆம். நெல்லுக்கு மெஷின் வந்தது, நெல் தரிசு உளுந்து இன்னும் பெரும்பாலும் பெண்கள் கையால் பிடுங்குவதாகவே இருக்கிறது. காய் ஒரே சமயத்தில் முற்றும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரே பிடுங்கலில் முடியும். 80 சதவீதக் காய் கறுத்ததும் காலை வேளையில் பிடுங்குங்கள், வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டும். அடிப்பதற்கு இப்போது மெஷின்கள் கிடைக்கின்றன.

15. பஞ்சாப், ஹரியானாவுல மட்டும் எப்படி ஏத்துக்கிட்டாங்க?

மண்மீது அக்கறை வந்து அல்ல, நெருக்கடி வந்ததால். 1990-களில் ஹரியானா கோதுமையில் பலாரிஸ் மைனர் என்ற புல், வழக்கமான ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லிக்குச் சாகாமல் பெருகியது. மண்ணைக் கிளறாமல் கோதுமையை முன்கூட்டி விதைத்தால் அந்தப் புல் குறைவாக முளைப்பது தெரிந்தது. கூடவே எக்டேருக்கு 40 முதல் 60 லிட்டர் டீசல் மிச்சம். நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டி விதைத்தால் ஒவ்வொரு நாளும் கோதுமை விளைச்சல் குறையும், அந்த நாட்களும் மிச்சம். உழாமல் விதைக்கும் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்காதவர்கள் வாடகைக்கு அமர்த்தினார்கள். வாடகைக்காரர்கள் இல்லையென்றால் சிறு விவசாயிக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது.

ஆனாலும் அங்கே அடுத்து நெல்லுக்குச் சேற்றுழவு தொடர்ந்தது, வைக்கோல் எரிப்பும் தொடர்ந்தது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நடவைத் தள்ளிப்போட்டது. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையிலான நாட்கள் சுருங்கி, தீ வைப்பது எளிதான வழியாகிவிட்டது. வைக்கோலோடு சேர்த்தே விதைக்கும் ஹேப்பி சீடர் இருக்கிறது. அதை இழுக்க 45 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் வேண்டும், ஆண்டில் இருபது நாள்தான் வேலை. 2018 முதல் மத்திய அரசு தனி விவசாயிக்கு 50 சதவீதமும் குழுக்களுக்கு 80 சதவீதமும் மானியம் கொடுத்தும் எரிப்பு முழுமையாக நிற்கவில்லை.

பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1972-ல் ஹெர்பர்ட் பார்ட்ஸ் உழாமல் விதைக்கத் தொடங்கியது, மழையில் மண் கண்ணெதிரே அரித்துக்கொண்டு போனதால்தான். டெல்டாவின் சமதளத்தில் மண் அரிப்பு கண்ணுக்குத் தெரியாது. அங்கே இருந்த அந்தத் தூண்டுதல் இங்கே இல்லை.

16. இது இயற்கை விவசாயம் தானே? அப்புறம் எதுக்குக் களைக்கொல்லி?

இரண்டும் ஒன்றல்ல. பாதுகாப்பு வேளாண்மை ரசாயன உரத்தையும் களைக்கொல்லியையும் விலக்கவில்லை. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அது பரவியதே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைச் சார்ந்துதான். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு வந்துவிட்டது, ஆகவே அந்த வழி நமக்கு இல்லை. களைக்கொல்லியே வேண்டாம் என்பவர்கள் அடர்த்தியான விதைப்பையும் தடிமனான மூடாக்கையும் நம்ப வேண்டும், ஒரு கைக்களைக்கான கூலியையும் ஒதுக்கி வைக்க வேண்டும். சின்ன நிலத்தில் முடியும். பத்து ஏக்கரில் ஆள் கிடைப்பது கடினம்.

17. (ஒரு விரிவாக்கப் பணியாளர்) செயல்விளக்கத் திடல் போட்டோம். நல்லா வந்துச்சு. மானியம் நின்னதும் எல்லாரும் விட்டுட்டாங்க. ஏன்?

விதை, மருந்து, இயந்திரம் எல்லாம் இலவசமாகக் கொடுத்தால் விவசாயி சோதித்துப் பார்ப்பது உங்கள் மானியத்தை, முறையை அல்ல. ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் இடுபொருள் கொடுத்த வரை உழாமல் குழி தோண்டி விதைத்தவர்கள், அது நின்றதும் கலப்பைக்குத் திரும்பிய அனுபவம் நிறைய இருக்கிறது. திடல் பெரும்பாலும் சாலையோரம், வடிகால் நன்றாக இருக்கும் பெரிய விவசாயியின் வயலில் போடப்படுகிறது. கடைமடையில் இரண்டு மா (66 சென்ட்) குத்தகை நிலத்தில் நடக்குமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை.

உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் வந்த ஒரு கட்டுரை, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே காரணம் எதுவும் இல்லை என்று முடித்தது. வயது, படிப்பு, நிலத்தின் அளவு என எதை எடுத்தாலும் ஓரிடத்தில் உதவியது இன்னோரிடத்தில் உதவவில்லை. ஆகவே திடல் போடும் முன் அந்த ஊரில் மூன்றைக் கேளுங்கள். அறுவடை முடிந்த பத்து நாளுக்குள் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா? மாட்டை யார் எப்போது அவிழ்க்கிறார்கள்? வைக்கோலை யார் வாங்குகிறார்கள்? பதில் சரியில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். திடலில் விளைச்சலை மட்டும் எடை போடாமல் ஆள்நாள், டீசல், ரொக்கச் செலவு மூன்றையும் எழுதிக் காட்டுங்கள்.

18. எவ்வளவு நிலத்துல ஆரம்பிக்கலாம்?

ஒரு மா, அதாவது 33 சென்ட் போதும். நன்றாகச் சமமான, வடிகால் உள்ள, கோரை இல்லாத வயலாகப் பாருங்கள். பக்கத்து ஒரு மாவை வழக்கம்போலச் செய்யுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். இயந்திரத்தை வாங்காதீர்கள். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை வழியாகவோ தனியாரிடமோ வாடகைக்கு எடுங்கள். பயறு விதை மானிய விலையில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கிறதா என்று மார்கழியிலேயே விசாரித்து வையுங்கள். தை பிறந்தபின் போனால் தீர்ந்திருக்கும்.

19. உளுந்துக்கு உழல, சரி. ஜூன்ல மறுபடி நெல்லுக்குச் சேறடிச்சா செஞ்சதெல்லாம் வீண்தானே?

பெரும்பகுதி வீண்தான். சேற்றுழவு மண்ணின் கட்டமைப்பைக் கலைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கெட்டித் தட்டை உண்டாக்குகிறது. ஈர மண்ணில் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தினால் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அங்கே தட்டு இருக்கிறது. நெல்லுக்கு அது வேண்டும், தண்ணீர் கீழே இறங்காமல் நிறுத்துவதே அதுதான். உளுந்துக்கு அது தடை, வேர் அங்கேயே மடங்கிவிடும். மேட்டு நிலத்தில் உளிக் கலப்பையால் தட்டை உடைக்கச் சொல்வார்கள். நெல் வயலில் உடைத்தால் அடுத்த பருவம் தண்ணீர் நிற்காது.

முழுமையாகப் போக வேண்டுமானால் நெல்லையும் சேறில்லாமல் நேரடியாக விதைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் விதைக்கும் இந்தப் புழுதி விதைப்பு கடைமடைக்குப் புதிதல்ல. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதையை 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் கருவியால் போட்டு, முதல் நனைப்புக்குப் பின் மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 சதவீத மருந்தை ஏக்கருக்கு 1.3 லிட்டர் அடிக்க வேண்டும். இளம் பயிரில் இரும்புச்சத்துக் குறைந்து இலை வெளுத்தால் 0.5 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை வாரம் ஒரு முறை தெளிக்க வேண்டும். களைதான் பெரிய சவால். நின்ற தண்ணீர் செய்துவந்த களைக்கட்டுப்பாட்டை மருந்தும் ஆளும் செய்தாக வேண்டும்.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, ஆற்றுத் தலைப்பில் தண்ணீர் தடையில்லாமல் வரும் ஊரில் யாரும் நாற்றையும் நடவையும் விட மாட்டார்கள், விடச் சொல்வதும் பொருத்தமில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத, நடவுக்கு ஆளும் கிடைக்காத கடைமடையில் இப்போதே பலர் நேரடி விதைப்புக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே அந்த நெல்லுக்குப் பின் உழாத உளுந்தும் சேர்ந்தால் மண்ணைச் சேறாக்காமலேயே ஓர் ஆண்டு முடிகிறது. முதலில் முயன்று பார்க்க வேண்டியது அந்த வயல்களில்தான்.